மேல்தண்ணியை ஊற்றாதீர்கள்

கழுவுகிற இடத்தில் இரண்டு வாளி இருக்கும். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் நீல வாளி எதற்கு என்று கேட்கிறீர்கள். அதில் கலங்கின தண்ணிதானே இருக்கிறது, கொட்டிவிடலாமா என்று போன வாரம்கூட ஒரு பெண் போனில் கேட்டது. கொட்டாதே என்று மட்டும் சொன்னேன். போனில் அவ்வளவுதான் முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது எட்டாவது. பாதி ஆயுசு சர்க்கரை ஆலை பாய்லரில் போனது. கடைசிச் சில வருஷம் இங்கே, வடக்கனந்தல் தாண்டி மலையடியில் இருக்கிற நம் கொட்டகையில். ராக்கெட்டுக்கும் உனக்கும் இன்னா சம்பந்தம் என்று வூட்டில் கேட்டார்கள். நெருப்புக்கும் எனக்கும் சம்பந்தம் என்றேன். மேலே கேட்கவில்லை.

நடந்தது புரிய வேண்டுமானால் ஒரு விஷயம் முதலில் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

நாம் எரிக்கிற கட்டை என்பது ராக்கெட்டுக்குள் எரிகிற மருந்து. அதில் எரியவைக்கிற உப்பு இருக்கிறது, ரப்பர் மாதிரி பசை இருக்கிறது, அலுமினியப் பவுடர் இருக்கிறது. கட்டை எரியும்போது அலுமினியம் உடனே எரிவதில்லை. எரிகிற முகத்தில் உட்கார்ந்து உருகுகிறது. பக்கத்தில் உருகுகிறதோடு ஒட்டுகிறது. அது இன்னொன்றோடு ஒட்டுகிறது. கடைசியில் ஒரு உருண்டையாகக் கிளம்புகிறது. ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் ஈர மாவைத் துணியில் போட்டு ஆட்டினால் மணி மணியாகத் திரளுமே, அது மாதிரி. சின்னதாகக் கிளம்பினது போகிற வழியிலேயே எரிந்து வெள்ளைப் புகையாகிவிடும். பெரிய உருண்டை பாதிதான் எரியும். மீதி ராக்கெட்டின் வால் பக்கம் கசடாகத் தேங்கும். வர வேண்டிய சூடு வராது, சுமை மட்டும் நிற்கும்.

எவ்வளவு உருண்டை, எவ்வளவு பொடி என்று பார்ப்பதற்குத்தான் நம் கொட்டகை. ஒரு விரல் நீளக் கட்டையைக் கனத்த இரும்புப் பானைக்குள் எரிப்போம். கீழே தண்ணி. விழுகிறது அதில் அணையும். அதை அலசி எடுத்துக் காயவைத்து மேடத்திடம் கொடுக்க வேண்டும். மேடம் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். மேடம் என்றால் அப்போது இந்த இடத்தைப் பார்த்துக்கொண்ட எஞ்சினியர். பேர் எழுத வேண்டாம். பெரிய படிப்பு, சின்ன வயசு, கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. கெட்டவர் இல்லை.

அலசுகிற வேலையை முன்னால் பார்த்த ஆள் ஓசூருக்குப் போய்விட்டான். தண்ணி மொத்தத்தையும் வடிதாளில் ஊற்றுவான். தாள் அடைத்துக்கொள்ளும். ஒரு கட்டைக்கு இரண்டு நாள் பிடிக்கும். அவன் போன பிறகு செல்வி வந்தது. சேகோ மில்லில் தொட்டி வேலை பார்த்த பொம்பளை. மரவள்ளி மாவைத் தண்ணியில் தெளியவைத்து, மேலே நிற்கிற தண்ணியை அடி கலங்காமல் இறக்குகிற வேலை. கை அவ்வளவு நிதானம். வந்த சில நாளிலேயே வேலையை அரை நாளுக்குக் கொண்டுவந்துவிட்டது. காய்ந்து வருவதும் சுத்தமாக வந்தது. முன்னால் சாம்பல் மாதிரி இருக்கும். செல்வி கொடுத்தது எண்ணெயில் புரட்டின கேழ்வரகு மாதிரி மணி மணியாக மின்னும்.

"இப்படித்தான் இருக்கணும்" என்றார்கள் மேடம்.

செல்விக்கு அன்றைக்குப் பூராவும் சிரிப்பு.

பவுடர் ரூம் அந்தோணியிடம் இருந்தது. தியாகதுருகம் பக்கத்து ஆள். அலுமினியப் பவுடர் டப்பாவுக்கு ஈரம் ஆகாது என்பதால் அந்த ரூமில் அவனைத் தவிர யாரும் கை வைக்க மாட்டோம். டப்பாவை மூடுவான். மூடிவிட்டேனா என்று திரும்பிப் பார்ப்பான். சாயந்திரம் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கி ஓடுவான்.

"இன்னா அந்தோணி, டப்பாவ மூடுனியா?" என்று செல்வி கேட்கும்.

"மூடிட்டேன்க்கா."

"நல்லா யோசன பண்ணு. அப்பறம் தூக்கம் வராது உனுக்கு."

அவன் யோசிப்பான். அப்புறம் இறங்கி ஓடுவான். ஆட்டோக்காரன் திட்டுவான். தினமும் இதே கூத்து.

அந்த வருஷம் மலையில் மழை விடவில்லை. கோமுகி அணை நிறைந்து போனது. கொட்டகைச் சுவரில் கை வைத்தால் ஈரம். அந்த நேரத்தில்தான் புது டப்பா உடைத்தோம். அதிலிருந்து செய்த கட்டையை எரித்துப் பார்த்தால் கணக்கு கெட்டுப் போயிருந்தது. எங்கே பார்த்தாலும் உருண்டை. பொடி என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேடம் நம்பவில்லை. மறுபடி எரித்தார்கள். அதே மாதிரி. இன்னொரு தடவை. அதே மாதிரி.

ராக்கெட்டில் வைக்கிற பெரிய கட்டை ஊற்றுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. மேலே இருக்கிற பெரிய சார் தினமும் போன் போட்டார். பவுடர் ஈரம் குடித்து முதலிலேயே திரண்டுவிட்டது என்று முடிவாகிவிட்டது. ஈரம் எப்படி வந்தது? டப்பா திறந்து கிடந்திருக்கிறது. யார் திறந்து போட்டது? ரூமில் ஒரே ஆள்தான்.

அந்தோணியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"மூடித்தான் மேடம் வெச்சேன்."

"ஒரு நாளும் மறக்கலன்னு உறுதியா சொல்ல முடியுமா?"

அவன் யோசித்தான். அவன் சுபாவம் அது. உறுதியாக என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. அவன் யோசித்ததையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

நானும் அங்கே நின்றேன். அவன் மறக்க மாட்டான் என்று சத்தியம் பண்ண என்னாலும் முடியாது. ஜாக்கிரதையான ஆளும் ஒரு நாள் மறப்பான். அதனால் பேசாமல் நின்றேன். பவுடர் ரூம் சாவியை மேடம் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் பெரிய சார் லைனில் வருவார், அவர் சொன்னதும் அந்தோணியை அனுப்பிவிட வேண்டியது, டப்பா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டியது.

இந்த இடத்தில் சர்க்கரை ஆலையில் பார்த்தது ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மழை வருஷம் பாய்லர் அடுப்பில் சாம்பல் உருகிக் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொண்டது. கடப்பாரை போட்டாலும் அசையவில்லை. கரும்புச் சக்கை தள்ளுகிற ஆள் சரியில்லை என்று அவனை நிறுத்தினார்கள். வேறு ஆள் வந்தான். கட்டி பிடிப்பது நிற்கவில்லை. எனக்கு மேலே ஒரு ஃபோர்மேன் இருந்தார். ஜாஸ்தி பேசாத மனுஷன். ஒரு கை சக்கையை எடுத்து வாளித் தண்ணியில் அலசினார். அடியில் சேறு. மழையில் வெட்டின கரும்போடு வயல் சேறும் வந்திருக்கிறது. அதுதான் சாம்பலை உருக்கியிருக்கிறது. "முதல்ல இத்தப் பாத்திருக்கணும். ஆள அப்பறம் பாத்திருக்கலாம்" என்றார். நிறுத்தினவனைத் தேடி வூட்டுக்கு ஆள் அனுப்பினார். அவன் குடும்பத்தோடு கேரளாவுக்குப் போய்விட்டிருந்தான். யாருக்கும் விலாசம் தெரியவில்லை.

அந்த வாளித் தண்ணி எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தோணி விஷயத்தில் எதை அலசிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை. மழை விட்டிருந்தது. ரூமுக்குள் போகக் கூடாது என்பதால் அந்தோணி வெளியே கழுவுகிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். செல்வி தண்ணி இறக்குவது அந்தக் கல்லின் மேல்தான். பக்கத்தில் வாய்க்கால். நான் டீயை எடுத்துக்கொண்டு போனேன். அவன் வாங்கவில்லை. நகத்தால் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ண்ணா, இங்க யாரு சுண்ணாம்பு அடிச்சது?"

பார்த்தேன். கல் வெள்ளையாக இருந்தது. முன்னால் அது கருங்கல்.

"மழையில கூட போவல பாரு" என்றான். விரலில் தேய்த்தான். பட்டு மாதிரி வழுக்கியது. நடுவில் சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடி. கொஞ்ச நேரம் விரலையே பார்த்தான். பிறகு எழுந்து உள்ளே போய் எரிக்கிற பானையின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியின் அடியில் புகை படிந்த வெள்ளை. கல்லோடு சேர்த்து வைத்தான். இரண்டும் ஒன்று.

நல்லா எரிந்த அலுமினியத்தின் புகை அது. பானையிலிருந்து மேடத்திடம் போக வேண்டியது வெளியே கல்லில் கிடக்கிறது.

இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. சேகோ மில்லில் மாவு அடியில் தங்கும். மேலே நிற்கிறது கழிவு. இறக்கி வாய்க்காலில் விட வேண்டியது. செல்வி அதைத்தான் இங்கேயும் செய்திருக்கிறது. கனத்த உருண்டை சீக்கிரம் அடியில் தங்கிவிடும். பொடி மிதந்துகொண்டிருக்கும். மேல்தண்ணியோடு பொடி எல்லாம் போய்விட்டது. உருண்டை மட்டும் மேடத்திடம் போயிருக்கிறது. கெட்ட வேலைக்காரி கையில் இந்தத் தப்பு நடந்திருக்காது. அடியைக் கலக்கியிருப்பாள். இது அடி கலங்காமல் இறக்கத் தெரிந்த கை.

புது டப்பா வந்ததை எல்லோரும் பார்த்தோம். மழை வந்ததைப் பார்த்தோம். செல்வி வந்ததை யாரும் பார்க்கவில்லை. செல்வி முதலில் அலசினதற்குக் கணக்குப் போடுவதற்குள் புது டப்பா உடைத்துவிட்டோம். செல்வி வந்த பிறகு வேலை நன்றாக ஆகியிருந்தது. நன்றாக ஆன இடத்தில் யாரும் குறை தேடுவதில்லை.

"வா, மேடத்துகிட்ட போலாம்" என்றேன்.

அவன் நகரவில்லை.

"வாணாண்ணா."

"இன்னா வாணாம்?"

"செல்வி அக்கா பொண்ணு இப்பத்தான் நர்சிங் சேந்துக்கீது. இது தெரிஞ்சா அக்காவ அனுப்பிடுவாங்க. நான் எங்கனா ஓட்டிக்குவேன். எனுக்கு எவனாவது வேல குடுப்பான். அந்த வயசுல அத்த எவன் சேப்பான்?"

"உனுக்கு இன்னா கெட்ட பேரோட போவணும்னு தலையெழுத்தா?"

"பேரு போனா போவுது. நீ கம்முனு இரு."

டப்பாவை மூடினேனா என்று ஆட்டோவை நிறுத்தி ஓடுகிறவன். அந்த ஒரு பேர்தான் அவனுக்கு இருந்தது. அதைத்தான் போகட்டும் என்கிறான்.

எனக்கு யோசிக்க நேரம் கம்மி. மத்தியானத்துக்குள் முடிவு பண்ண வேண்டும். சொன்னால் ஒரு ஆள் போகும். சொல்லாவிட்டால் இன்னொரு ஆள் போகும். இரண்டில் எது என்று பார்த்துக்கொண்டிருந்தால் அதிலேயே நின்றுவிடுவோம். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நீ போனா உருண்ட போயிடுமா?" என்றேன்.

அவன் நிமிர்ந்தான்.

"நீ போவ. புது டப்பா வரும். அக்கா அதே மாதிரி தண்ணி இறக்கும். மறுபடி உருண்டதான் வரும். அப்ப உன் எடத்துல வந்தவன அனுப்புவாங்க. அவனும் புள்ளகுட்டிக்காரன்தான். அது மட்டுமா? தப்புக் கணக்க வெச்சிக்கினு பெரிய கட்டைய ஊத்துவாங்க. பத்த வெக்கிற அன்னிக்கு யாரு கிட்ட நிப்பான்?"

அவன் டீயை வாங்கிக்கொண்டான். ஆறிப்போயிருந்தது. குடித்தான்.

"அக்கா பேர சொல்லாதண்ணா."

"யார் பேரும் சொல்லல."

மேடம் மேஜையில் இருந்தார்கள். தூங்கின முகம் இல்லை.

"இன்னொரு கட்டைய எரிங்க மேடம். பானைய தொறக்கறதுல இருந்து தாள் காயற வரைக்கும் நீங்க கூடவே இருங்க" என்றேன்.

"மூணு தடவ எரிச்சாச்சுண்ணா. மத்தியானம் சார் லைன்ல வந்துடுவார்."

"வரட்டும். ஆள அனுப்பறதுக்கு முன்னாடி தண்ணியப் பாருங்க."

"யார் மேல சொல்றீங்க?"

"யார் மேலயும் இல்ல. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

அவர்களுக்குக் கோபம் வந்தது. நாற்காலியைத் தள்ளின சத்தத்திலேயே தெரிந்தது. ஆனாலும் எழுந்து வந்தார்கள். இதை நான் எப்போதும் சொல்வேன். கோபத்தோடு எழுந்து வருகிறவரோடு வேலை செய்யலாம்.

கட்டை எரிந்தது. பானை ஆறியது. செல்வி தண்ணியைப் பெரிய பேசினில் ஊற்றியது. மேடம் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். செல்விக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பயம். தெளியவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பேசினை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தது. நூல் மாதிரி தண்ணி இறங்கியது. அடியில் இருந்த மணி ஒன்றுகூட அசையவில்லை. அந்த வேலையைப் பார்த்தால் யாருக்கும் கை தட்டத் தோன்றும்.

மேடம் கையை நீட்டினார்கள். அந்த நூலைக் கையில் பிடித்தார்கள். உள்ளங்கையைப் பார்த்தார்கள். பால் மாதிரி இருந்தது.

"இது என்னக்கா?"

"மேல்தண்ணி மேடம். கழிவு."

"யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? மில்லுல அப்படித்தான. மாவு அடில தங்கும். இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?"

மேடம் கல்லைப் பார்த்தார்கள். வாய்க்காலைப் பார்த்தார்கள். வாய்க்கால் ஓரத்துப் புல்கூட வெளுத்திருந்தது.

"நல்லா எரிஞ்சதெல்லாம் இதுலதான்க்கா இருக்கு" என்றார்கள் மெதுவாக. "எரிஞ்சத கொட்டிட்டு, எரியாதத மட்டும் எண்ணிட்டு இருந்திருக்கேன்."

செல்வி பேசினைச் சட்டென்று நிமிர்த்தியது. அப்போதுதான் அடி கலங்கியது.

"நான் கெடுத்துட்டனா மேடம்?"

நான் அந்தோணியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல" என்றார்கள் மேடம். "சுத்தமா வந்ததும் பிரமாதம்னு சொன்னது நான்தானே? முன்னாடி ஏன் சுத்தமா வரல, இப்ப எப்படி வருதுன்னு நான் கேக்கல. பேசின கீழ வைங்க. இன்னொரு வாளி இருந்தா கொண்டாங்க."

குளிக்கிற ரூமில் இருந்த நீல வாளியை அந்தோணி ஓடிப்போய் எடுத்து வந்தான். அந்த வாளிதான் இது.

பெரிய சார் லைனில் வந்தார். கதவு மூடியிருந்தது. அவர் சத்தம் போட்டது வெளியே கேட்டது. மேடம் சொன்னது ஒரு தடவைதான் கேட்டது. "கழுவுற முறை தப்பு சார். முறை என்னோடது." அப்புறம் வெகுநேரம் அவர்கள் குரல் கேட்கவில்லை. வெளியே வந்து ஒரு சொம்பு தண்ணி குடித்தார்கள். சாவியை எடுத்து அந்தோணியிடம் நீட்டினார்கள்.

"போய் டப்பாவப் பாருங்க. மழை வருது."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று வார்த்தையில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் வாங்கிக்கொண்டு போனான்.

மேல்தண்ணியையும் வடிகட்டிச் சேர்த்த பிறகு உருண்டைக் கணக்கு இறங்கியது. முழுசாக இறங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதையாகிவிடும். உருண்டை இருக்க வேண்டியதைவிட ஜாஸ்தியாகத்தான் இருந்தது. பவுடர் நன்றாகவே இருந்தது. உப்பு மணி பருமனாக இருந்ததில் நடுவில் சந்து விழுந்து, அலுமினியம் அங்கே போய்ச் சேர்ந்து திரண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது மேடம்தான். நாள் பிடித்தது. எனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, பானை தூக்கினதைத் தவிர.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கணக்கு கெட்டால் கெட்ட இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். சமீபத்தில் எது நன்றாக ஆனது என்று பாருங்கள். எடுத்து வைத்ததைப் பார்க்கிற மாதிரி கொட்டினதையும் ஒரு தடவை பாருங்கள். ஒரு ஆளைக் காப்பாற்ற வாயை மூடிக்கொள்வது நல்ல மனசு. அந்தோணி செய்யப் பார்த்தது அதுதான். ஆனால் அது வேலைக்கு ஆகாது. ஆளைக் காட்டிக் கொடுப்பதும் ஆகாது. வேலையைக் காட்டுங்கள். பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொள்வார்.

அந்தோணி அன்றைக்கு என்னிடம் சொன்னது செல்விக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும். அவன் என்னைத் திட்டுவான். திட்டட்டும்.

அன்றைக்குச் சாயந்திரம் மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது. பக்கத் திரையை இறக்கிவிட்டான் ஆட்டோக்காரன். செல்வி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தது. விரல் இடுக்கில் வெள்ளை இருந்தது. கள்ளக்குறிச்சி ரோடு ஏறும் இடத்தில் மெதுவாகக் கேட்டது.

"இன்னா அந்தோணி, டப்பாவ மூடுனியா?"

ஆட்டோக்காரன் பழக்கத்தில் பிரேக்கில் காலை வைத்தான்.

"மூடிட்டேன்க்கா" என்றான் அந்தோணி. "நீ போண்ணா."

அன்றைக்கு அவன் இறங்கி ஓடவில்லை.